நாத்தனார் எழுதிய நேரம்

என் நாத்தனாரை எனக்கு முதலில் தெரிந்தது அவர் எழுதிய கணினி நிரல் வழியாகத்தான். திருப்பதியில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். பிரசவத்துக்காக வேலையை விட்டுப் போன ஒருவருடைய நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். அவர் விட்டுப்போன நிரலில் எனக்குப் புரியாதது நிறைய இருந்தது. போன் செய்து கேட்பேன், பொறுமையாகச் சொல்வார். ஒருநாள் சந்தேகத்தைத் தீர்த்துவைத்த கையோடு, "எங்க தம்பிக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்கோம், நகரியில. உங்க வீட்ல வந்து பேசலாங்களா?" என்று கேட்டார். இப்படித்தான் அவருடைய நாற்காலி, நிரல், தம்பி எல்லாமே என்னிடம் வந்து சேர்ந்தன.

கல்யாணத்துக்குப் பிறகு வாரத்தில் பாதி நாள் நகரி வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். கீழே விசைத்தறி ஓடும், மாடியில் நான். நாத்தனார் வாழ்க்கைப்பட்டது வடமாலபேட்டையில். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையோடு வருவார். உறவான பிறகும் ஆபீஸ் பழக்கத்தில் என்னை 'நீங்க' என்றுதான் சொல்வார். எனக்கும் அவரிடம் ஒரு சீனியரிடம் இருக்கிற பயம் போகவில்லை.

அவர் எழுதிய நிரல் பாகாலா பக்கத்து ஊர்களில் பால் வாங்கிக் குளிரூட்டி வைக்கும் நிலையங்களுக்கானது. பால் வந்த நேரம், அளந்த நேரம், வண்டியில் ஏற்றிய நேரம் எல்லாம் அதில் பதிவாகும். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியது. அடியில் இருந்தது ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ். அது எதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து வைக்காது. நிரலுக்குள் ஒரு பொருள் எப்படி இருக்கிறதோ அப்படியே சுருட்டி டிஸ்கில் வைக்கும். கேட்டால் விரித்துத் தரும். ரொம்ப வசதி. ஆனால் நாம் எதைக் கொடுத்தாலும், இது வேண்டுமா என்று கேட்காமல் சுருட்டிக்கொள்ளும்.

ஒரு மழைக்காலத்தில் நிலையங்களிலிருந்து புகார் வர ஆரம்பித்தது. ஃபைல் பெருத்துவிட்டது, பென்டிரைவில் நகல் எடுக்க இடம் போதவில்லை என்றார்கள். நான் ஒரே ஒரு பதிவைப் பிரித்து உள்ளே பார்த்தேன். வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், நொடி எல்லாம் தனித்தனியாக இருந்தன. கிழமையின் பெயர் தெலுங்கில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம். இந்திய நேரம் என்று ஒரு குறிப்பு. திரையில் காட்ட ஒரு வாசகம், ரசீதில் அச்சிட இன்னொன்று. ஒரு கேன் பால் வந்து இறங்கிய நேரத்தைச் சொல்ல இத்தனை மூட்டை. உண்மையில் ஒரு எண் போதும். ஏதோ ஒரு தொடக்கத்திலிருந்து எத்தனை நொடி கடந்தது என்று தெரிந்தால், மற்றதையெல்லாம் அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எழுதியவர் யார் என்பது உடனே ஞாபகம் வந்தது. கணவரிடம் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டு முழுதாகக் கேட்டார்.

"உங்க ரெண்டு பேரு சண்டையில என்ன இழுக்காத" என்றார்.

இன்னும் சண்டையே வரவில்லையே என்றேன். வரும் என்று சொல்லிவிட்டு மறுபடி தறியை ஓட்டப் போய்விட்டார்.

அந்த ஞாயிறு சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு மெதுவாகப் பேச்செடுக்கலாம் என்று இருந்தேன். மாமியார் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தார். எல்லாரும் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்போம். சண்டையில் இழுக்காதே என்று சொன்ன அதே மனிதர், எலும்பைக் கடித்துக்கொண்டே, "அக்கா, நீ எழுதுன நேரம் ரொம்ப எடத்த அடைக்குதாம்" என்றார்.

நாத்தனார் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிக்கொண்டு வந்து, லேப்டாப்பை எடுங்கள் என்றார்.

பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவர் சொன்னது எனக்குத் தோன்றவே தோன்றாத ஒன்று. அவர் எழுதிய காலத்தில் நிலையங்களில் இருந்தவை பழைய கம்ப்யூட்டர்கள். ஒவ்வொரு வரிக்கும் கிழமையையும் வாசகத்தையும் கணக்கிட்டுக் காட்டினால் திரை நகராதாம். கேனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து உள்ளேயே வைத்துவிட்டார். நான் அதைக் கவனக்குறைவு என்று நினைத்திருந்தேன்.

திரைக்கு வேண்டியது நினைவகத்தில் இருக்கட்டும், டிஸ்குக்குப் போகும்போது மட்டும் எண்ணைக் கொடுத்தால் என்ன என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது.

"தூங்கப் போறப்ப எல்லாத்தயும் கழட்டி வெச்சிட்டு, எழுந்ததும் போட்டுக்கினு வர்ற மாதிரி. அதானே சொல்றீங்க?"

அதேதான். இரண்டு சின்னச் செயல்கூறுகள் எழுதினால் போதும். டிஸ்குக்குப் போகும்போது எதைக் கொண்டுபோவது என்று சொல்ல ஒன்று, திரும்பி வரும்போது மற்றதை நிரப்பிக்கொள்ள ஒன்று. ஏற்கெனவே கிடக்கும் பழைய பதிவுகள் பழைய மூட்டையோடுதான் எழுந்து வரும், அவற்றையும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்று அவர் ஞாபகப்படுத்தினார். லேப்டாப் எங்கள் மடியில் மாறி மாறி இருந்தது. மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தறிப் பக்கம் போய்விட்டார். சாயங்காலம் சோதித்துப் பார்த்தபோது, ஃபைல் முன்பு இருந்ததில் ஒரு சின்னத் துண்டுதான் மிச்சம். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். சண்டை இல்லையா என்று கேட்டார்.

மறுநாள் ஒரு நிலையத்தில் மட்டும் புதியதைப் போட்டேன். அதற்கடுத்த நாள் காலையில் அங்கே பொறுப்பில் இருந்தவர் போன் செய்தார். தெலுங்கில், மிகவும் மரியாதையாக, இன்று எங்கள் ஊர் மாடுகள் எல்லாம் நடுராத்திரியில் பால் கொடுத்திருப்பதாகத் திரையில் காட்டுகிறது, விடியற்காலையில் முதலில் வந்தவர்களின் பால் நேற்றுக் கணக்கில் போயிருக்கிறது, இது சரிதானா மேடம் என்று விசாரித்தார்.

உடனே நிரலைத் திறந்து பார்த்தேன். எண்ணை, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில் வைப்பது என்று முடிவு செய்திருந்தோம். டிஸ்குக்குப் போகும்போது அந்த ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தோம், திரும்பும்போது கூட்டவில்லை. ஞாயிறன்று ஃபைலின் அளவைப் பார்த்து மகிழ்ந்தோமே தவிர, இருவருமே மணியைப் பார்க்கவில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டேன். மாடுகள் விஷயத்தைச் சொன்னதும் மறுமுனையில் ஒரே சிரிப்பு. அம்மா எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமலே குழந்தையும் கூடச் சிரிப்பது கேட்டது.

"அடியே, அஞ்சரை மணி நேரத்த எங்கடி தொலச்சோம்?" என்றார்.

அதுவரை அவர் என்னை ஒருமுறைகூட 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை. அந்த வரியை யார் எழுதியது என்று கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். நான் அவரைச் சொன்னேன், அவர் என்னைச் சொன்னார். நல்லவேளையாகச் சேமித்த எண்கள் சரியாகவே இருந்தன. ஒரு வரி சேர்த்ததும் மாடுகள் எல்லாம் விடியற்காலைக்குத் திரும்பிவிட்டன.

பிறகு பழைய பதிவுகளையும் ஒவ்வொன்றாக எழுப்பிப் புதிய விதத்தில் படுக்கவைத்தோம். எல்லா நிலையங்களிலும் ஃபைல் இளைத்தது. முதலாளி என்னைப் பாராட்டியபோது பாதி வேலை யாருடையது என்று சொன்னேன். அவரே நாத்தனாரைக் கூப்பிட்டு, மதியத்தில் மட்டும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமே என்று கேட்டார். நாத்தனார் யோசிக்க ஒருநாள் வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே எனக்குப் போன் செய்து சரி என்று சொல்லப்போவதாகச் சொன்னார்.

ஆபீஸில் மீட்டிங் இருக்கும் நாளில் இப்போது ஒரே பஸ்ஸில் போகிறோம். நான் நகரியில் ஏறி இடம் பிடித்து வைப்பேன், அவர் வடமாலபேட்டையில் ஏறுவார். போன வாரம் ஏறியவர், ரசீதுகளைச் சேமிப்பதற்கு ஒரு யோசனையோடு வந்திருந்தார். உட்காருவதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டார். கண்டக்டர் இரண்டு தடவை டிக்கெட் கேட்டும் அவர் காதில் விழவில்லை. நான்தான் கையை நீட்டித் திருப்பதிக்கு ஒன்று என்றேன்.