இருபத்தொரு லிட்டர் சக்களத்தி

என் கணவர் பல்செட் செய்கிறவர். டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அதில் மெழுகு வைத்து, பல் அடுக்கி, ஈறுக்கு நிறம் கொடுத்து, மெருகேற்றி, டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவது இவர் வேலை. வீட்டு முன்னறைதான் பட்டறை. ஜன்னல் ஓரமாக ஊர் பேர் தெரியாத தாடைகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கல்யாணமான புதிதில் அந்த அறைக்குள் போகவே எனக்கு உதறும். இப்போது அவற்றை நகர்த்திவிட்டு அதே மேஜையில் துணி மடிக்கிறேன்.

ஊருக்கெல்லாம் வாய் செய்து கொடுக்கிற மனிதர், தன் வாயை மட்டும் திறக்கமாட்டார். நான் குடிநீர் அலுவலகத்தில் புகார் போனை எடுக்கிறவள். காலையிலிருந்து மாலைவரை யார் யாரோ என் காதில் கத்துவார்கள். வீட்டுக்கு வந்தால் கத்தாமல் ஒருவர் நாலு வார்த்தை பேசமாட்டாரா என்று இருக்கும். இவரோ ஒரு "ம்" கொடுப்பார். அந்த "ம்"முக்கு நானே பொழிப்புரை எழுதிக்கொள்ள வேண்டும். "வாயில என்ன கொழுக்கட்டையா? பேசினா முத்து உதிர்ந்துடுமா?" என்று நானும் பதினேழு வருஷமாகக் கேட்டுப் பார்த்தாயிற்று. அதற்கும் பதில் "ம்"தான்.

ஆனால் அவர் பேசுகிற இடம் ஒன்று உண்டு. பெட்ரோல் பங்க்.

சிரிக்காதீர்கள். வருஷத்துக்கு இரண்டு முறை, பட்டறையைப் பூட்டிவிட்டு, மோட்டார் சைக்கிளில் நாங்கள் நெடுந்தூரம் போவோம். கல்யாணமான முதல் வருஷத்திலிருந்தே வழக்கம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மேஜையில் வரைபடம் விரிந்துவிடும். பழைய வண்டிக்குப் பன்னிரண்டு லிட்டர் டேங்க். இரண்டு பேர், இரண்டு பை, லிட்டருக்கு முப்பத்தைந்து. அப்படியானால் நானூற்று இருபது கிலோமீட்டர் ஓடவேண்டும், இல்லையா? மாட்டார். எதிர்காற்று என்று கொஞ்சம் கழிப்பார். மலை ஏற்றம் என்று கொஞ்சம். அந்த ஊர் பங்க் மூடியிருந்தால் என்று கொஞ்சம். "ஓடுற தூரம் வேற, நான் நம்புற தூரம் வேற" என்பார். கடைசியில் அவர் நம்புகிற தூரம் நூற்றைம்பதில் வந்து நிற்கும். ஒரு நாள் ஓட்டத்தில் மூன்று பங்க், சில நாள் நான்கு.

பெட்ரோல் போட்டதும் வண்டியைக் காற்று பிடிக்கிற ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டுவார். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து செயினைத் துடைப்பார், டயரை அமுக்கிப் பார்ப்பார். கைக்கு வேலை இருக்க வேண்டும், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கவேண்டிய அவசியம் இருக்கக்கூடாது. அப்போதுதான் அந்த மனிதருக்குப் பேச்சு வரும். டீக்கடையில் வராது. படுக்கையில் சத்தியமாக வராது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். எனக்கு முன்னால் அவருக்குப் பார்த்த பெண் அவரை வேண்டாமென்று சொன்னதை ஒரு பங்க்கில்தான் சொன்னார். மொட்டை மாடி ஓரத்தில் நிற்கக் கால் நடுங்கும் என்பதை இன்னொரு பங்க்கில். இருபது நிமிஷம், அதிகம் போனால் அரை மணி. பிறகு ஹெல்மெட், பிறகு காற்று, அவ்வளவுதான். அடுத்த பங்க் எப்போது வரும் என்று பின் சீட்டில் நான் மைல்கல்லை எண்ணிக்கொண்டு வருவேன்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் எந்த பங்க்கிலும் பேசியதில்லை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. நாள் நிறையாமல் பிறந்தது. எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டதால், தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, உடனே வரச்சொல்லி அவருக்குப் போன் போயிற்று. இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். வரவில்லை. குழந்தையை என் மார்பில் வைத்தார்கள். இருபது நிமிஷம் இருந்தாள். அவர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றே கால். துணி சுற்றி முடித்துவிட்டார்கள். "பாக்கறீங்களா?" என்று நர்ஸ் கேட்டார். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

"ஏன் லேட்டு?" என்று ஒருமுறைதான் கேட்டேன். "வழியில லேட்டாயிடுச்சு" என்றார். கையில் இருந்த எவருடைய பல்லையோ மெருகேற்றி முடித்துவிட்டுத்தான் கிளம்பியிருப்பார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வந்ததுதான் வந்தார், பெற்ற பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்தாரா? அதற்குப் பிறகும் நாங்கள் பயணம் போனோம். ஒவ்வொரு பங்க்கிலும் அவர் செயினைத் துடைக்கும்போது, இன்றைக்குச் சொல்வார், இன்றைக்குச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவளைப் பற்றி ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்கு நான் ஏங்கிய ஏக்கம் எனக்குத்தான் தெரியும். அவளைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். நான் ஒருத்தியே எத்தனை நாளைக்கு அவளைச் சுமப்பது?

இரண்டு வருஷத்துக்கு முன் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புது வண்டி வாங்கினார். யானைக்குட்டி மாதிரி ஒரு டேங்க். இருபத்தொரு லிட்டர்! லிட்டருக்கு இருபத்தெட்டு வைத்தாலும் ஐந்நூற்று எண்பதுக்கு மேல். அவர் கழிக்கிறதையெல்லாம் கழித்தாலும் நம்புகிற தூரம் நானூற்றைம்பது. முதல் பயணத்தில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஒரு பங்க்கிலும் வண்டி நிற்கவில்லை. ராத்திரி தங்குகிற ஊரில் போட்டால் போதுமாம். பச்சை போர்டும் மஞ்சள் போர்டுமாக பங்க்குகள் இரண்டு பக்கமும் வந்து வந்து போயின. பின்னால் உட்கார்ந்து நான் ஹெல்மெட்டுக்குள் அழுதேன்.

"உங்கண்ணன் எனக்கு ஒரு சக்களத்தியக் கொண்டாந்துட்டார்" என்று நாத்தனாரிடம் போனில் சொன்னேன். அவள் பதறிப்போய், "ஐயோ, அண்ணி! யாரு?" என்றாள். "இருபத்தொரு லிட்டர்" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேசாமல் இருப்பதற்கென்றே ஒரு மனிதன் தேடிப் பிடித்து வண்டி வாங்கியிருக்கிறார் என்றுதான் தோன்றியது.

போன மாதம் பயணப் பேச்சு வந்ததும் வரைபடத்தை நான் இழுத்துக்கொண்டேன்.

"இந்தத் தடவை பிளான் நான் போடறேன்."

"ம்?"

"எங்க நிக்கணும்னு நான் சொல்றேன். நீங்க ஓட்டினாப் போதும்."

ஐந்நூற்று இருபது கிலோமீட்டருக்கு ஏழு இடத்தில் பெட்ரோல் என்று எழுதிக் கொடுத்தேன். தாளை மேலும் கீழும் பார்த்தார். அவர் பார்த்த பார்வையில், யாரோ கீழ்வரிசைப் பல்லை மேல்வரிசையில் அடுக்கிவிட்டது போன்ற வேதனை தெரிந்தது. "எழுபது கிலோமீட்டருக்கு ஒண்ணா?" என்றார். "ஆமாம். நான் நம்புற தூரம் அவ்வளவுதான்" என்றேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

முதல் பங்க்கில் பெட்ரோல் போடுகிற அம்மாவுக்கு ஒரே குழப்பம். "ரெண்டரை லிட்டர்ல தளும்புதே, இதுக்கா இறங்குனீங்க?" என்றார். "வீட்டுக்காரம்மா உத்தரவு" என்றார் இவர். அடடா, இரண்டு வார்த்தை! ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ச் செயினைப் பார்த்தார். அழுக்கே இல்லை. இருந்தும் துடைத்தார். பேசவில்லை. இரண்டாவது பங்க்கில், ஒரு டாக்டர் அனுப்பிய அச்சு உடைந்து வந்த கதையைச் சொன்னார். மூன்றாவதில் தன் கண்ணுக்கு இப்போதெல்லாம் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரிவதில்லை என்றார். வரட்டும், வரட்டும் என்று காத்திருந்தேன். நான்காவதில் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு எழுந்தார். ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இவ்வளவு பெரிய டேங்கு எதுக்கு வாங்குனீங்க? வழியில எங்கயும் நிக்கக்கூடாதுன்னுதானே? நின்னா என்கூடப் பேசணும்னுதானே?"

காற்றுக் குழாயைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். இவர் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். மறுபடி குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். துணியை எடுத்துச் செயினில் வைத்தார். கை அசையவில்லை.

"பழைய வண்டில டேங்குக்கு அடியில ஒரு திருகு இருக்குமே," என்றார். "எவ்வளவு இருக்குன்னு காட்டற முள்ளு கிடையாது அதுல. பெட்ரோல் தீரப் போச்சுன்னா வண்டி இருமும். அப்போ திருகை ரிசர்வுக்குத் தள்ளினா, அடியில இருக்கற ரெண்டு லிட்டர் வரும். பெட்ரோல் போட்டதும் திருகைப் பழைய இடத்துக்கே திருப்பிடணும்."

"தெரியும். அதுக்கென்ன?"

"அதுக்கு முந்துன வாரம் ஞாயித்துக்கிழமை உன்னப் பாத்துட்டுத் திரும்பி வந்தேன்ல. வழியில இருமுச்சு. தள்ளினேன். பெட்ரோல் போட்டேன். உன் நெனப்புலயே இருந்துட்டேன். திருப்பல."

எந்த ஞாயிறு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அந்த வாரம் பூரா ஓட்டினேன். திங்கட்கிழமை போன் வந்துது. கையில இருந்ததை அப்படியே போட்டுட்டுக் கிளம்பினேன். வண்டி இன்னும் இருமல. அடுத்த நிமிஷமே இருமினாக்கூட ரிசர்வுல நான் ஒருத்தன் தொண்ணூறு போயிடலாம். வந்து சேந்துடலாம்னு கணக்குப் போட்டேன். வழியில ரெண்டு பங்க் வந்துது. நிக்கல. அஞ்சு நிமிஷம் மிச்சமாகுமேன்னு." துணியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "அறுபதாவது கிலோமீட்டர்ல இருமுச்சு. கைய விட்டுப் பாக்கறேன், திருகு ஏற்கெனவே ரிசர்வுல இருக்கு, டேங்கு காலி. அத்துவானம். சிமெண்டு லாரி ஒண்ணு வர்ற வரைக்கும் வண்டியத் தள்ளிட்டே ஓடுனேன்."

பதினொரு வருஷம். அந்த ஆள் ஓடியிருக்கிறார். நான் என் மனசுக்குள் அவரைப் பல்லுக்கு மெருகேற்ற விட்டு வைத்திருந்தேன்.

"ஏங்க சொல்லல?"

"என்னன்னு சொல்றது? வாழ்நாள் பூரா பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டவன், அன்னிக்கு மட்டும் கோட்டை விட்டேன்னா?"

"சரி, வந்தப்பவாவது அவளப் பாத்திருக்கலாம்ல?"

"இருந்தப்போ வந்து சேராதவன், அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாக்கறது?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்ணெயும் அழுக்குமாக இருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை. செயினைப் பார்த்தபடியே, யாரிடமோ கடன் கேட்கிற குரலில் கேட்டார்:

"பாப்பா யாரு ஜாடை?"

பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், "மோவாய் எப்படி இருந்துச்சு? உன்னோடதா, என்னோடதா?" என்றார்.

ஆயிரம் பேர் தாடையைக் கையில் வைத்துப் பார்த்த மனிதர். தன் மகளுடையதை மட்டும் பார்க்காதவர்.

"உங்களோடதுதாங்க," என்றேன். "நடுவுல லேசா ஒரு பள்ளம்."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்போது பின்னால் ஒரு கார்க்காரர் காற்றுப் பிடிக்க வந்து ஹாரன் அடித்தார். வண்டியை இருவருமாகத் தள்ளி, சுவர் ஓர நிழலில் போட்டோம். மீதி மூன்று நிறுத்தமும் இருந்த தாளை அவர் எடுத்துப் பார்க்கவில்லை. "சொல்லு" என்றார். முடி எவ்வளவு இருந்தது, நகம் இருந்ததா, கண்ணைத் திறந்தாளா, விரலைப் பிடித்தாளா, எந்தக் கை, எவ்வளவு நேரம் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். அந்த இருபது நிமிஷத்தைச் சொல்லி முடிக்க எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.