ஏழாவது கைப்பிடி

இப்போதெல்லாம் ஒருத்தனும் எடுத்த வேலையை முடிப்பதில்லை. முன்பணம் வாங்குகிற வரைக்கும் "மாமா, மாமா" என்று பின்னாலேயே சுற்றுகிறான். வாங்கிவிட்டால் அவன் கடை வாசலில் நாம் போய் நிற்க வேண்டும். தையற்காரன் ஒரு கையைத் தைத்துவிட்டு இன்னொரு கைக்கு அடுத்த வாரம் வரச் சொல்கிறான். கொத்தனார் நம் வீட்டில் சாரத்தைக் கட்டிவிட்டு அடுத்த தெருவில் சுவர் வைக்கிறான். கேட்டால் நம்மையே முறைக்கிறான்.

நான் எழுதப்போவதும் ஓர் அரைகுறை வேலையைப் பற்றித்தான். கதை என்று நினைக்காதீர்கள். நடந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். நாற்பது வருஷம் தோணியில் சரக்கு ஏற்றியவன். ரசீது இல்லாமல் ஒரு சீப்பு வாழைப்பழம்கூட வாங்கமாட்டேன். ஜின், பேய் என்று எவனாவது பேசினால் எழுந்து போய்விடுவேன். இது ராத்திரியில் நடந்திருந்தால் கனவு என்று தள்ளியிருப்பேன். எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. லுஹர் தொழுகைக்கும் அசருக்கும் நடுவில்.

எண்பத்தெட்டாம் வருஷம். காரைக்காலில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வந்து வாழ்வார். என் மகள் பத்ருன்னிசாவுக்காக எங்கள் வீட்டுக்கு அடுத்த மனையில் ஒரு வீடு கட்டினேன். மாப்பிள்ளைக்கு துபாயில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. அந்த லீவுக்குள் நிக்காஹ் முடிய வேண்டும். வீடு முழுசாக முடிந்தால்தான் நிக்காஹ் என்று சம்பந்தி அம்மாள் அஜீசுன்னிசா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் குசினி, அதாவது சமையற்கட்டு, மட்டும்தான் பாக்கி. என் மகள் அதற்குத்தான் ஆசைப்பட்டாள். துபாய் வீட்டுப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு, சுவரோடு சுவராக அலமாரி வைத்த குசினிதான் வேண்டும் என்றாள். அந்த வேலைக்கென்றே ஜெய்னுலாபுதீன் கடை போட்டிருந்தான். அவனும் துபாய் போய் வந்தவன்தான். ரசீது எழுதி வாங்கிக்கொண்டேன். மேடைக்குக் கீழே ஏழு அலமாரி, ஏழு கதவு, ஏழு பித்தளைக் கைப்பிடி.

வேலைக்கு வந்தவன் பக்கத்து ஊரான போலகத்து முத்தையன். பேச்சு குறைவு. திருகாணி முடுக்கினால் அதன் தலைக்கோடு எல்லாம் ஒரே நேராக நிற்க வேண்டும் அவனுக்கு. கோணலாக நின்றால் கழற்றி மறுபடி முடுக்குவான்.

"யாருப்பா இதையெல்லாம் குனிஞ்சு பாக்கப்போறா?" என்றேன்.

"நான் பாப்பேன் பாய்."

அலமாரிப் பெட்டிகள் எல்லாம் மேடைக்குக் கீழே பொருந்திவிட்டன. கதவு மட்டும்தான் பாக்கி. அன்று காலையில் ஜெய்னுலாபுதீன் வேனோடு வந்து நின்றான். பின்பக்கம் முழுக்கத் தகரம் அடைத்த வேன்.

"மாமா, மன்னார்குடியில ஒரு அவசர வேலை. முத்தையனைக் கொஞ்சம் அனுப்பிவைங்க. நாளைக்கே கொண்டாந்து விட்டுர்றேன்."

"என் வேலை மட்டும் அவசரம் இல்லையாடா?"

முத்தையன் தயங்கினான். சாப்பாட்டுத் தூக்கை மேடைமேலேயே வைத்தான். கைப்பிடிப் பொட்டலத்தை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இது பித்தளை பாய். இங்க கிடந்தா தொலைஞ்சிரும். கதவு போடாம நான் விடமாட்டேன். என்னை நம்புங்க."

"நான் எவனையும் நம்புறதில்ல."

அவன் சிரித்துக்கொண்டே வேனின் பின்பக்கம் பலகைகளோடு ஏறி உட்கார்ந்தான். ஜெய்னுலாபுதீன் வெளியிலிருந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டான். வேன் போயிற்று.

நாளைக்கு என்றவன் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. ஒரு மாதம் போயிற்று. கடைக்குப் போனால், "முத்தையன் மெட்ராஸ் போயிட்டான் மாமா, வேற ஆளு பாக்குறேன்" என்றான் ஜெய்னுலாபுதீன். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. நாலாவது தடவை போனபோது கடைப்பையன், முதலாளி இல்லை என்றான். உள்ளே அவன் இருமுவது எனக்குக் கேட்டது.

எங்கள் தெரு வாத்தியார் ஒருத்தர்தான் சொன்னார். "புதுசா சட்டம் வந்திருக்கு பாய். காசு வாங்கிட்டு வேலையை முடிக்காதவன் மேல நுகர்வோர் மன்றத்துல மனு கொடுக்கலாம். வக்கீல்கூட வேணாம். ரசீது இருந்தா போதும்."

எனக்குச் சட்டத்திலும் நம்பிக்கை கிடையாது. ஆனால் ரசீது இருந்தது. அவர் எழுத, நான் கையெழுத்துப் போட்டேன். 'ஏழு கதவில் ஒன்றுகூடப் பொருத்தப்படவில்லை.'

மனு கொடுத்த மறுநாள் லுஹர் தொழுதுவிட்டு அந்த வீட்டுப் பக்கம் போனேன். சாவி என் பச்சை பெல்ட்டுப் பையில் இருந்தது. வேறு சாவி கிடையாது.

பூட்டில் கை வைத்தேன். உள்ளே சத்தம்.

கிர்ர்... கிர்ர்...

திருப்புளி திருகுகிற சத்தம்.

திறந்துகொண்டு ஓடினேன். குசினியில் யாரும் இல்லை. முதல் அலமாரியில் கதவு ஏறியிருந்தது. தரையில் மரத்தூள். ஈரமான மரத்தூள்.

ஜெய்னுலாபுதீன் கள்ளச்சாவி போட்டு ஆள் அனுப்பியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். மனுவைப் பொய்யாக்கப் பார்க்கிறான்! பூட்டை மாற்றினேன். கொல்லைக் கதவுக்குக் குறுக்குக் கட்டை அடித்தேன்.

மறுநாள் இரண்டாவது கதவு.

அதற்கு மறுநாள் மூன்றாவது.

கதவில் கைப்பிடி இல்லை. எப்படித் திறப்பது? கத்தி முனையை விட்டு நெம்பினேன். கதவு திறந்தது. அப்போதுதான் பார்த்தேன். கைப்பிடி உள்பக்கம் இருந்தது. அலமாரிக்கு உள்ளே. பித்தளைக் கைப்பிடி. திருகாணித் தலைக்கோடு எல்லாம் ஒரே நேர்.

உள்ளே தண்ணீர் நின்றது. ஒரு கை அளவு. சேற்று நாற்றம். அந்தக் குசினிக்கு இன்னும் குழாயே போடவில்லை.

என் மனைவி அமீர் நிஷாவிடம் சொன்னேன். "ஓதிப் பாக்கச் சொல்லுங்க" என்றாள். "போலீசுல சொல்றேன்" என்றேன். இரண்டையும் செய்யவில்லை. கதவு மாட்டிவிட்டான் என்று எவனாவது போலீசில் புகார் கொடுப்பானா?

ஆறு கதவு ஏறிய பிறகு ஒரு நாள் உள்ளேயே உட்கார்ந்தேன். முன்கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, குசினி நடுவில் நாற்காலி போட்டு, கையில் உலக்கையோடு. வருகிறவன் எந்த வழியாக வருகிறான் பார்க்கலாம்.

வெயில் ஜன்னல் வழியாக மேடையில் விழுந்தது. தூரத்தில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். முத்தையனின் சாப்பாட்டுத் தூக்கு வைத்த இடத்திலேயே இருந்தது.

டொக்.

ஜன்னல் என்று நினைத்தேன்.

டொக்... டொக்...

அலமாரிக்குள்ளிருந்து.

உள்ளேயிருந்து தட்டுகிறார்கள்.

டொக் டொக் டொக் டொக்...

கைப்பிடி அசைகிற சத்தம். உள்ளே யாரோ பிடித்து உலுக்குகிறார்கள்.

உலக்கையை ஓங்கிப் பிடித்தேன்.

கதவிடுக்கில் தண்ணீர் கசிந்தது.

"யாருடா?"

தட்டுவது நின்றது.

மூச்சு மட்டும்.

அப்புறம்... அதுவும் இல்லை.

பள்ளிவாசலில் மோதினார் அசருக்கு பாங்கு சொன்னார். அப்போதுதான் எழுந்து வெளியே வந்தேன்.

மன்றம் ஒரு இன்ஜினியரை அனுப்பியது. ஜெய்னுலாபுதீனும் வந்தான். அலமாரிகளைப் பார்க்காமலே முந்திக்கொண்டான். "எங்க முத்தையன் எல்லாத்தையும் முடிச்சுட்டான் சார்." இன்ஜினியர் பேனாக்கத்தியால் கதவுகளை நெம்பித் திறந்தார். உள்பக்கக் கைப்பிடியைக் கண்டதும் ஜெய்னுலாபுதீன் முகம் சுண்ணாம்பாகப் போயிற்று. அவன் வெளியே போய் வாந்தி எடுத்ததை நான் பார்த்தேன்.

"கதவு இல்லைன்னு மனுவில எழுதியிருக்கீங்க. ஏழும் இருக்கே பெரியவரே?"

ஏழா? முந்தின நாள் வரை ஆறுதான். திரும்பிப் பார்த்தேன். ஏழாவதும் ஏறியிருந்தது.

என்ன பேசுவேன்? பூட்டிய வீட்டுக்குள் தானாக ஏறியது என்றா?

தீர்ப்பு வந்தது. வேலை முடிந்திருக்கிறது. ஏழாவது கதவுக்கு மட்டும் கைப்பிடி இல்லை, உள்பக்கம் ஓட்டைதான் இருக்கிறது. கடைக்காரர் ஆறு கைப்பிடியையும் வெளிப்பக்கம் மாற்றி, ஏழாவதையும் பொருத்தித் தர வேண்டும். இவ்வளவுதான் எனக்குக் கிடைத்த நியாயம். ஜெய்னுலாபுதீன் அதையும் செய்யவில்லை. அந்த வீட்டு வாசலை அவன் அதற்குப் பிறகு மிதிக்கவே இல்லை.

சம்பந்தி அம்மாள் வீடு பார்க்க வந்தார். குசினிக்குள் போனார். ஒரு நிமிஷம்கூட இல்லை, வெளியே வந்துவிட்டார்.

"அலமாரிக்குள்ள யாரை வச்சுப் பூட்டியிருக்கீங்க?"

மாப்பிள்ளை லீவு முடிந்து, நிக்காஹ் நடக்காமலே துபாய்க்குப் போய்விட்டார். என் மகள் அந்தத் துபாய் வீட்டுப் படத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். என்னால் என்ன செய்ய முடியும்?

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வந்தாள். வெறும் நெற்றி.

"முத்தையன் சம்சாரம் பாய். அஞ்சுகம். அவரு சாப்பாட்டுத் தூக்கு இங்க இருக்குன்னு... இத்தனை நாளா வெளிய வரமுடியல."

"அவன் மெட்ராஸ்ல இல்ல இருக்கான்?"

அவள் என்னையே பார்த்தாள்.

"உங்க வீட்லேருந்து கூட்டிட்டுப் போனாங்கள்ல, அன்னிக்குத்தான் பாய். மன்னார்குடிகிட்ட வேன் வாய்க்கால்ல கவுந்திருச்சு. முதலாளி முன்னாடி இருந்தாரு, குதிச்சுட்டாரு. யாருக்கும் சொல்லாம ஓடிட்டாரு. இவரு பின்னாடி. தாழு வெளியில. மத்தியானம் விழுந்தது, சாயங்காலந்தான் தூக்குனாங்க. வயல்ல இருந்தவங்களுக்குத் தட்டுற சத்தம் கேட்டுச்சாம். எங்கேருந்து வருதுன்னு தெரியலையாம்."

குசினிக்கு அழைத்துப் போனேன். கதவுகளைத் திறந்து காட்டினேன். திருகாணித் தலைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். ஏழாவது கதவின் வெறும் ஓட்டைக்கு வந்ததும் அவள் விரல் நின்றது.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பித்தளைக் கைப்பிடி.

"உள்ள தண்ணி ஏறயில, இருட்டுல, வேன் கதவுக்கு உள்பக்கம் இதை முடுக்கியிருக்காரு பாய். பிடிச்சு இழுத்தா தொறந்துரும்னு நினைச்சாரோ என்னவோ. போலீஸ்காரங்க கழட்டிக் கொடுத்தாங்க. பொட்டலத்துல மிச்சம் ஒண்ணும் இல்ல. இது உங்களுது."

மேடைமேல் வைத்தாள். தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் அதைத் தொடவில்லை. வெளியே வந்து பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

உள்ளே...

கிர்ர்... கிர்ர்...

உயிரோடு இருக்கிறவனே வேலையை முடிக்க வருவதில்லை. செத்தவனா வருவான்? நான் நம்பவில்லை. சாவியைப் பெல்ட்டுப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.