பாப்பம்மா கொடுக்காத காசு

தெல்தோட்டைப் பக்கம் பாப்பம்மாவைத் தெரியாதவர் இல்லை. "சண்டைக்குக் காசு குடுக்காத பொம்பள" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கும். அவள் கொழுந்து பறித்த தேயிலைத் தோட்டத்தில் நான்தான் சம்பளக் கணக்கு எழுதும் ஆபீஸ் கிளாக்கர்.

தொண்ணூற்றாறில், யுத்தம் உக்கிரமாக நடந்த நேரம், படைக்கு நிதி என்று ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் கேட்டார்கள். விரும்பினால் தரலாமாம். விருப்பமாவது மண்ணாவது! தமிழன் மாட்டேன் என்றால் மறுநாள் பொலிஸ் வாசலில் நிற்கும் காலம். எல்லாரும் வரிசையாக வந்து பட்டியலில் பெருவிரலை உருட்டிவிட்டுப் போனார்கள்.

பாப்பம்மா மட்டும் கூடையை இறக்காமல் நின்றாள்.

"என்னத்துக்குங்க ஐயா இந்தக் காசு?"

"ஆமிக்குச் சாமான் வாங்க."

"சாமான்னா குண்டுதானே? எங்கக்கா வவுனியாவுல ஷெல் விழுந்து செத்தா. நான் மழையில நனைஞ்சு பறிச்ச காசுல இன்னொருத்தியும் சாவணுமா? மாட்டேன். புலிக்காரன் வந்து கேட்டாலும் இதே பதில்தான், எழுதிக்குங்க."

எழுதிக்கொள்வதா! தோட்டத்து மேனேஜர் துரையிடம் ஓடினேன். துரையோ, ஒரு பெயர் குறைந்தாலும் கேள்வி வரும், முடித்துக் கொடு என்றார். கதவைச் சாத்திக்கொண்டு, அவள் பெயருக்கு நேரே என் பெருவிரலை வைத்தேன். அந்த ஒரு நாள் காசை என் சம்பளத்திலிருந்து கட்டினேன். அவளைக் காப்பாற்ற என்று சொல்லிக்கொள்ளலாம். என் வேலையைக் காப்பாற்றத்தான்.

சம்பள நாளில் அவளுக்கு ஒரு சதமும் குறையவில்லை. "பாத்தீங்களா, மாட்டேன்னா விட்டுட்டாங்க!" என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொன்னாள். நிதி கொடுத்தவர்கள் பட்டியல் சிங்களத்தில் ஆபீஸ் கதவில் ஆறு மாதம் தொங்கியது. அதில் அவள் பெயரும் இருந்தது. சிங்களம் படிக்கத் தெரியாத பாப்பம்மா தினமும் அதைக் கடந்துதான் போனாள்.

மூன்று வருஷம் கழித்து, யுத்தச் செலவைக் குறை என்று கண்டியில் ஒரு கூட்டம். பாப்பம்மாவைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். துணைக்கு என்னையும் இழுத்துப் போனாள். அவள் பேசி முடித்ததும் திகனயில் கடை வைத்திருக்கும் தாஸிம் எழுந்தார்.

"குடுக்காம சும்மா விட்டாங்களா? நம்ப ஏலாதே."

"அந்தா எங்க கிளாக்கர் ஐயா. அவரையே கேளுங்க."

மண்டபமே திரும்பியது. இப்போதாவது சொல்லித் தொலைடா என்று மனசு கத்தியது. எழுந்தேன். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா. அவ குடுக்கல" என்றேன்.

அது பொய்கூட இல்லை. அதுதான் இன்னும் கேவலம். எனக்கும் சேர்த்துக் கை தட்டினார்கள்.

குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினோம். கொண்டக்டர் வந்ததும் பையில் கை விட்டேன். பாப்பம்மா தடுத்தாள்.

"இருங்க ஐயா. அத்தன பேரு முன்னால பயப்படாம உண்மையச் சொன்னீங்க. இன்னைக்கு உங்க டிக்கெட் என் காசுல."

கொழுந்துக் கறை படிந்த விரலால் டிக்கெட்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.