தவக்கால வெள்ளியில் ஒரு ராமென்

அம்மா நித்திரையாகிவிட்டார். இந்தத் தளத்தில் எனக்கு ஒரு கணக்கு இருப்பது அவருக்குத் தெரியாது. தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.

லண்டன் வால்தம்ஸ்டோவில் பள்ளிச் சீருடையோடு போனால் பாதி விலைக்கு ராமென் என்ற ஜப்பானிய நூடுல்ஸ் சூப்பு தரும் கடை ஒன்று இருக்கிறது. இன்று வகுப்புத் தோழி குளோயியோடு போனேன். அம்மாவிடம் கோயிலில் சிலுவைப்பாதை என்று சொல்லியிருந்தேன்.

ஹகாட்டா ராமென் கேட்கத்தான் போனேன். பன்றி எலும்பைப் பால்போல் வெளுக்கும்வரை கொதிக்கவைத்த சூப்பு, மெல்லிய நூடுல்ஸ்.

ஓடர் எடுக்க வந்தவர் அன்ரன் அண்ணை. ஞாயிறுதோறும் அம்மாவையும் என்னையும் தன் காரில் பூசைக்கு ஏற்றிப் போகிறவர். அங்கே வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஹகாட்டா என்று சொன்னேன்.

"பிள்ளை, தவக்கால வெள்ளி, இறைச்சி கூடாதெல்லோ? இது பண்டி எலும்புச் சூப்பு. சப்போரோ மிசோ கொண்டுவரட்டே? இஞ்ச அதை மரக்கறியிலதான் செய்யிறது, விலையும் அதேதான்," என்று மெதுவாகக் கேட்டார்.

"உனக்குத் தெரிந்தவரா?" என்றாள் குளோயி.

"இல்லை. தமிழ் முகத்தைக் கண்டால் இவர்கள் இப்படித்தான் வந்து ஒட்டிக்கொள்வார்கள்," என்றேன், ஆங்கிலத்தில்.

"சொறி, மிஸ்," என்றார் அண்ணை. நான் கேட்ட ஹகாட்டாவையே கொண்டுவந்து வைத்தார்.

ருசியாகத்தான் இருந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

அம்மாவிடம் சொல்லிவிடுவாரோ என்று மாலை முழுக்கப் பயந்தேன். அவர் சொல்லவே மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அதுதான் இன்னும் கூசுகிறது.

ஞாயிறு காரில் அம்மா முன்னால் இருப்பார், நான் பின்னால். அம்மாவுக்குக் கேட்காமல் கார் ஓட்டுகிறவரிடம் மன்னிப்புக் கேட்க யாருக்காவது வழி தெரியுமா?