மை படாத கட்டைவிரல்

மாலை ஐந்தே முக்காலுக்கு என் மகன் வேலை முடிந்து வீட்டுக்குள் வந்தான். அவனிடம் மண்ணெண்ணெய் வாடை இல்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் மாதா கோவிலில் அவனுடைய கல்யாண அறிவிப்பை, முதல் ஓலையை, வாசித்திருந்தார்கள்.

அவன் ஒரு மாலைப் பத்திரிகையின் தூத்துக்குடி அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்தான். ஈய எழுத்துகளைப் பெட்டிக் குழிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இடது கையில் பிடித்த இரும்புச் சட்டத்தில் வரி வரியாக அடுக்க வேண்டும். வரி சரியாமல் இடது கட்டைவிரல் அழுத்திக்கொண்டே இருக்கும். பத்திரிகை வெளியே போன பிறகு, அடித்து முடித்த எழுத்துகளையெல்லாம் மறுபடி அந்தந்தக் குழியில் பிரித்துப் போட வேண்டும். அப்போதுதான் கை முழுக்க மை ஏறும். அது சோப்புக்கு அசையாது. அதனால் வேலை முடிந்ததும் எல்லாரும் கொல்லைப்புறத் தொட்டியடியில் நின்று மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கையைத் துடைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். அந்த வாடை சோற்றுத்தட்டு வரைக்கும் கூடவே வரும். என் மனைவிக்கு அதில் ஆரம்பத்தில் குமட்டல். பிறகு பழகிவிட்டது.

அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவர் அடுத்த வீட்டு அண்ணாச்சி. அச்சகத்தில் அவர்தான் மூத்தவர். காலையில் இருவரும் சேர்ந்து போவார்கள், மாலையில் சேர்ந்து வருவார்கள். அன்றும் சேர்ந்துதான் வந்தார்கள். வாசலில் நின்று அண்ணாச்சி என்னிடம் இரண்டு வார்த்தை பேசினார். அவரிடம் வாடை இருந்தது. என் மகனிடம் இல்லை.

நான் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுப்பாடம் எழுதாத பையன் எந்தப் பக்கம் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். அன்று சாப்பிடும்போது என் மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

பத்திரிகையில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு மழைக்காலத்திலிருந்தே ஊரில் இருந்தது. காகித விலை ஏறிவிட்டது என்றார்கள். மதுரையில் பெரிய மிஷின் இறக்கியிருக்கிறார்கள் என்றார்கள். யாரைக் குறைப்பார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கடைசியாகச் சேர்ந்தவனைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்பது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். அங்கே கடைசியாகச் சேர்ந்தவன் என் மகன்.

பெண் வீடு புன்னைக்காயல். பெண்ணின் தகப்பனார் தோணி வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். பெண் பார்க்கப் போன அன்று என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வேலை நெரந்தரம்தானா வாத்தியாரே?"

"நிரந்தரம்தான்" என்று சொல்லியிருந்தேன். கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். வேலை போவதெல்லாம் திருச்சபை சொல்லும் தடையில் சேராது என்பது தெரியும். ஆனால் நான் கொடுத்த வாக்கு அந்த மூன்று ஞாயிறுக்குள் பொய்யாகிவிடுமோ என்ற பயம் எனக்குள் புகுந்துவிட்டது.

மறுநாள் அவனிடம் வாடை திரும்பி வந்திருந்தது. நிம்மதியாகி, கை கழுவத் தண்ணீர் ஊற்றப் போனேன். வாடை எப்போதையும்விடக் கூடுதலாக இருந்தது. முழங்கை வரைக்கும் பூசியதுபோல் இருந்தது. ஆனால் நகக்கண்கள் வெள்ளையாக இருந்தன. இடது கட்டைவிரலில் எப்போதும் ஒரு கறுப்புத் தழும்பு உண்டு. அதன் ஓரம் உரிந்து உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. மை படாத கைக்கு மண்ணெண்ணெய் எதற்கு?

"வேலை எப்படில போவுது?" என்று கேட்டேன்.

"போவுதுப்பா."

"கப்பல் சேதியெல்லாம் நீதானே கோக்குத?"

"ஆமா."

அதற்குள் சமையல்கட்டிலிருந்து என் மனைவி, "ஏங்க, வேல பாத்துட்டு வந்தவன வாசல்லயே நிறுத்தி விசாரணை பண்ணணுமா? உள்ள வால" என்றாள். அவன் உள்ளே போய்விட்டான். அண்ணாச்சி வீட்டுப் பக்கம் பார்த்தேன். அவர் சன்னலில் நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்ததும் திரும்பிக்கொண்டார்.

அடுத்த நாள் மார்க்கெட்டில் அவரைப் பிடித்தேன். "அண்ணாச்சி, அச்சாபீசுல என்ன நடக்குது?" என்றேன்.

"என்ன நடக்கும்? அச்சுதான் நடக்குது" என்று சிரித்தார். "அங்கன பாத்தீரா, சீலா மீனு வந்து எறங்கியிருக்கு. வெரசா போவும், இல்லன்னா தலைதான் கெடைக்கும்."

அவர் அப்படிப் பேச்சை மாற்றுகிறவர் அல்ல. என் மகனுக்கு வேலை போய்விட்டது, அதை மறைக்க இவர் துணை போகிறார் என்று அன்று முடிவு கட்டினேன். வேலை போனவன் பகலெல்லாம் எங்கே இருக்கிறான்? பழைய துறைமுகத்துப் பக்கம் உட்கார்ந்திருப்பானா? அண்ணாச்சி தெருமுனையில் காத்திருந்து கூட்டி வருகிறாரா? வகுப்பில் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே இதெல்லாம் ஓடியது.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி. பள்ளி விளையாட்டு விழாச் செய்தியைக் கொடுக்கப் போவதுபோல் அச்சகத்துக்குப் போனேன். கீழே எழுத்துக் கோக்கிறவர்கள் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். அண்ணாச்சி இருந்தார், என்னைக் கவனிக்கவில்லை. சன்னலோரம் என் மகன் நிற்கும் இடத்தில் எழுத்துப் பெட்டியின்மேல் பழைய பத்திரிகையை விரித்து மூடியிருந்தது. அதில் தூசு படிந்திருந்தது.

மாடிப்படிக்குப் பக்கத்தில் செய்தி கொடுக்கிறவர்களுக்கு ஒரு பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்தேன். அப்போது மாடியிலிருந்து என் மகனின் குரல் கேட்டது. டெலிபோனில் ட்ரங்க் கால் பேசுகிறவர்கள் கத்துவதுபோல் கத்திக்கொண்டிருந்தான். இங்கிலீஷ் எழுத்துகளாகச் சொன்னான். நிறுத்தினான். மறுபடி சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான். படியடியில் இருந்த எனக்கு அதுவும் கேட்டது.

"ஆமா சார். இல்ல சார், கீழ யாருக்கும் தெரியாது."

வேலை இருக்கிறது. அதைக் கேட்டதும் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. கீழே யாருக்கு என்ன தெரியாது? செய்தியைக் கொடுக்காமலே வெளியே வந்து, எதிரே இருந்த டீக்கடையில் நின்றேன். அச்சகத்து ஆட்கள் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என் பள்ளியில் கணக்கு எடுக்கும் ஆசிரியரின் அண்ணன். அவருடைய மகள் என் வகுப்பில் படிக்கிறாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றதை அவர் பார்க்கவில்லை.

"ஏலே, மதுரையில அடிச்சு பஸ்ஸுல அனுப்பப் போறானாம்லா."

"மாலைப் பேப்பரு பஸ்ஸுல வந்தா ராத்திரிப் பேப்பருதான்" என்றார் அவர். "சனங்க அத விரிச்சுப் படுத்துக்கிட வேண்டியதுதான்."

"நம்ம தம்பி மாடிக்குப் போயிட்டானே, அவன்ட்ட கேளேன்."

"அவரு இப்ப பெரிய மனுசன்வே. படியில எறங்கும்போது செருப்புச் சத்தமே மாறிப்போச்சு. என்னலே எழுதுத மேலன்னா, கப்பல் பேரு எழுதுதேங்கான். கப்பல் பேரு எழுத நாக்காலி எதுக்கு?"

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சந்தேகம் இடம் மாறியது. கடைசியாகச் சேர்ந்தவனை மாடியில் உட்கார வைத்திருக்கிறார்கள். கீழே இருப்பவர்களைப் பற்றி மேலே சொல்கிறானா? யார் தாமதமாக வருகிறார்கள், யார் சங்கம் பேசுகிறார்கள் என்று? வேலை போனவனின் தகப்பன் என்று தலைகுனியலாம். இன்னொருவன் வேலை பறிபோகக் கோள் சொன்னவனின் தகப்பன் என்றால் இந்த ஊரில் எங்கே போய் நிற்பது?

மறுநாள் இரண்டாம் ஓலை. மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது நேராகவே கேட்டுவிட்டேன். "மாடியில என்ன செய்யுத?"

அவன் பிசைந்த கையை நிறுத்தினான். "வேலை இருக்குப்பா. அத மட்டும் கேட்டுக்கோங்க."

"நான் அதைக் கேக்கல."

"என்னால சொல்ல முடியாது."

"யாருக்காக?"

அவன் மறுபடி சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். என் மனைவி இருவருக்கும் நடுவில் குழம்புச் சட்டியை வைத்துவிட்டு நின்றாள். அவளும் அன்று அவனுக்குப் பரிந்து பேசவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அச்சகத்து வாசலில் லாரி வந்து நின்றது. எழுத்துப் பெட்டிகளை ஏற்றினார்கள். ஏற்றி முடிக்கும் வரைக்கும் எழுத்துக் கோத்தவர்கள் தெருவில் நின்று பார்த்தார்களாம். சிலர் கையைக்கூடத் துடைக்கவில்லையாம். இதை மறுநாள் ஆசிரியர் அறையில் எனக்குச் சொன்னவர் கணக்கு ஆசிரியர்தான்.

"எங்க அண்ணனுக்கும் போச்சு சார். கீழ இருந்த எல்லாருக்கும் போச்சு" என்றார். சாக்பீஸைத் துடைத்து டப்பாவில் வைத்தார். "ஒங்க பையன் மட்டும் இருக்கானாமே. நல்லது சார்."

அந்த 'நல்லது' எப்படிப்பட்டது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அடுத்த பீரியடில் அவர் அண்ணன் மகளைப் பாடம் வாசிக்கச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அண்ணாச்சியைத் தெருவில் காணவில்லை. விடியுமுன் போகிறார், பொழுது சாய்ந்து வருகிறார் என்று மட்டும் என் மனைவி சொன்னாள். வேலை போன மனிதர் விடியுமுன் எங்கே போகிறார்? அவருடைய வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்லக் கால் எழவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த வேலையில் என் மகன் இருக்கிறான், அவர் இல்லை.

மூன்றாம் ஓலை அன்று கோவிலில் என் கண் பீடத்தில் இல்லை. கணக்கு ஆசிரியரும் அவர் அண்ணனும் எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தார்கள். சாமியார் என் மகன் பேரையும் பெண்ணின் பேரையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லும்படி கேட்டபோது அந்த அண்ணன் பிடரியைச் சொறிந்தார். அவர் எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன். எழவில்லை. சாமியார் அடுத்த ஓலைக்குப் போய்விட்டார். பக்கத்தில் என் மகன் உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அண்ணாச்சி வந்தார். அன்று அவர் பூசைக்கு வரவில்லை. காக்கிக் கால்சட்டையில் நெல் உமிபோல் ஏதோ ஒட்டியிருந்தது. காதில் பென்சில். அவரிடமும் மண்ணெண்ணெய் வாடை இல்லை. நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன். என் மகன் அவரைப் பார்த்ததும் எழுந்து சுவரோரம் நின்றான்.

"ஹார்பர்லருந்து நேரா வாரேன்" என்றார். "ஏஜெண்டு ஒருத்தருட்ட மூட்டை எண்ணி எழுதுத வேலை. சேந்து ஒரு வாரமாச்சு."

"ஒரு வாரமா? வேலை போனது முந்தாநாளுல்லா, அண்ணாச்சி?"

"அதச் சொல்லத்தான் வந்தேன். விடியுமுன்ன அங்கன, பொறவு அச்சாபீசுன்னு ஓடிக்கிட்டிருந்தேன்." தண்ணீர் வாங்கிக் குடித்தார். "எல்லாத்தையும் மதுரையில கோக்கப் போறோம், இங்கனருந்து சேதிய போன்ல வாசிக்க ஒரு ஆளு போதும், கப்பல் பேரெல்லாம் இங்கிலீசுல சொல்லணும்னு உம்ம மவன மாடிக்கு எடுத்தாங்க. யார்ட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னாங்க. இவன் அன்னைக்கே எங்கிட்ட வந்து சொல்லிட்டான். எல்லாருக்கும் சொல்லிருவோம் மாமா, வேற வேலை தேடட்டும்னு அழுதான். நாந்தான் வேண்டாம்லேன்னேன்."

"ஏன்?"

"ஏஜெண்டுட்ட இருந்தது ஒரு எடம் வாத்தியாரே. சொல்லியிருந்தா அத்தன பேரும் அங்கன போயி நிப்பானுவ. நான் மூத்தவன். எனக்கு எவன் தருவான்?"

என் மகன் கட்டைவிரலை இன்னொரு கையால் மூடிக்கொண்டு நின்றான்.

"கீழ உள்ளவன்ட்ட கப்பல் பேரு எழுதுதேன்னு சமாளிச்சிரலாம், நீரு தோண்டாம விடமாட்டீரு. மதுரைச் சேதி உமக்குத் தெரிஞ்சா கணக்கு வாத்தியாருக்குத் தெரியும், அவரு அண்ணனுக்குத் தெரியும். அதான் கையில மண்ணெண்ணெயத் தேச்சுக்கிட்டுப் போலேன்னு சொல்லிவிட்டேன். நகத்த மறந்துட்டேன்" என்று சொல்லி, சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. எழுந்து வாசல் வரைக்கும் போனவர், தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"பத்து நாளா தொளைச்சு எடுத்தீரே, இப்பத் தெரிஞ்சு போச்சுல்லா. நாளைக்கு ஸ்கூல்ல அந்தக் கணக்கு வாத்தியாரு மொகத்துல முழிக்கப் போறது நீருதான். இதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரு பொத்தி வச்சோம். இனி நீரும்தான் வே."