இடது கைக்கு மாற்றிய ஆட்டம்

பழைய காலத்து மானிட்டரை அணைத்த கையோடு அதன் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தால் கை முடியெல்லாம் குத்திட்டு நிற்க, பொரி வெடிப்பது போலச் சிறு சிறு சத்தம் கேட்கும். கூடவே சூடேறிய தூசியின் வாசனையும் வரும். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தை ஒட்டிய ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில்தான் அந்தச் சத்தத்தை நான் முதன்முதலாகக் கேட்டேன். செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு, கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் ஏசி குளிர் முகத்தில் அடிக்கும். "இந்தக் குளிரு உங்களுக்கு இல்ல, மிஷினுக்கு" என்பார் சென்டரை நடத்திய சார்.

அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு. பிள்ளைப்பாக்கத்தில் எங்களுக்கு இருந்த நிலம் கம்பெனிகளுக்கென்று போய்விட, அதுவரை நெல் போட்டுக்கொண்டிருந்த அப்பா காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றார். என்னைவிட மூன்று வயது மூத்தவளான வசந்தி அக்கா பள்ளிக்கூடம் முடித்ததுமே ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். என்னைச் சென்டரில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். "ரெண்டு பேரும் கம்பெனி லைன்ல போயி நிக்க வேணாம். நீ படி" என்றாள்.

சென்டரில் சி மொழி சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்கள் கூட்டல் கழித்தல் கணக்குகளுக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் திரையில் ஏதாவது ஓட வேண்டும் என்று ஆசை. கோடுகளையும் வட்டங்களையும் சேர்த்து ஒரு பெண்ணை வரைந்தேன். அவள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறாள். வழியில் பள்ளங்களும் நாய்களும் வரும், தாண்ட வேண்டும். இதுதான் ஆட்டம். ஆனால் அவளை ஓட வைத்தால், திரையின் வலது ஓரத்துக்குப் போய்க் காணாமல் போனாள். என்ன செய்தும் திரும்ப வரவில்லை. பல வாரம் முட்டி மோதிய பிறகுதான் புரிந்தது, அவளை நகர்த்தவே கூடாது. அவள் நின்ற இடத்திலேயே காலை மட்டும் மாற்றி மாற்றி வைக்க, தரையையும் பள்ளத்தையும் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது சரியாக வந்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். குனிந்து பார்த்தவள் சிரித்தாள்.

"இன்னாடி இது, ஓடுறவ ஒரே எடத்துல கீறா, தரதான் ஓடிக்கினு கீது?"

"அப்படித்தாங்க்கா செய்யணும்."

"எங்க லைன் மாதிரியே செஞ்சிக்கிற. நாங்க நின்ன எடத்துலயே நிப்போம், பெல்ட்டுதான் போய்க்கினே இருக்கும்" என்றாள். பிறகு திரையைத் தொட்டு, "துப்பட்டா போட்டு வுடு, குச்சி மாதிரி கீறா பாரு" என்றாள். துப்பட்டாவுக்காக ஒரு கோடு சேர்த்தேன். அதன் பிறகு ஞாயிறுதோறும் வந்து விளையாடினாள். வலது கையால் அம்புக்குறி விசைகளைத் தட்டித் தட்டி, பள்ளத்தில் விழும்போதெல்லாம் "ஐயோ போச்சே" என்று அந்தக் குளிர் அறையே திரும்பிப் பார்க்கும்படி கத்துவாள். பஸ்ஸை நான் இன்னும் வரைந்திருக்கவில்லை. "பஸ்ஸு எப்பதாண்டி வரும்?" என்று கேட்பாள். அடுத்த வாரம் என்பேன்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில், தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் நிற்க வேண்டிய ஆள் வரவில்லை என்று பழக்கமில்லாத அக்காவை ஓவர்டைமில் அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் நாங்கள் போய் நின்றபோது சூப்பர்வைசர் அப்பாவைத் தனியாக அழைத்துப் பேசினார். திரும்பி வந்த அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வூட்ல தவறி வுழுந்துட்டான்னு சொல்லச் சொல்றாங்க. அப்பதான் பெறவு வேலைக்கு எடுப்பாங்களாம்." ஆஸ்பத்திரியில் விசாரித்தவர்களிடம் அப்படியே சொன்னோம். வேலைக்கு எடுக்கவில்லை.

அக்கா வெளியே வருவதை நிறுத்திக்கொண்டாள். யாராவது வீட்டுக்கு வந்தால் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொள்வாள். சாப்பிடும்போது இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு, எங்களை அந்தப் பக்கம் பார்க்கச் சொல்வாள். அவளுக்காகச் செய்ய எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். சென்டரில் உட்கார்ந்து, அம்புக்குறிகளை எடுத்துவிட்டு, ஓடவும் தாண்டவும் விசைப்பலகையின் இடது பக்கத்து எழுத்துகளை வைத்தேன். பள்ளங்கள் சற்று மெதுவாக வரும்படியும் மாற்றினேன்.

பொங்கல் கழித்துத்தான், நான் கெஞ்சிக் கெஞ்சி, வந்தாள். மாடிப்படி ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். இடது கை விரல்களை எழுத்துகளின் மேல் வைத்துக் காட்டியதும் விளையாடத் தொடங்கினாள். இரண்டு பள்ளம் தாண்டியிருப்பாள், கையை எடுத்துவிட்டாள்.

"மெதுவாக்கி வெச்சிக்கிறியா?"

நான் தலைகுனிந்தேன்.

"எனக்காவ எதையும் மெதுவாக்காத. பழைய ஸ்பீடு வெய்."

வைத்தேன். விழுந்தாள், மறுபடி ஆடினாள், மறுபடி விழுந்தாள். பிறகு அந்த இடது கை எப்படியோ பழகிக்கொண்டது. நாயைத் தாண்டினாள், பெரிய பள்ளத்தைத் தாண்டினாள். பழையபடி அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டுப் பக்கத்து மிஷின்களில் இருந்த பிள்ளைகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து சூழ்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி திரையைப் பார்க்காமல் அக்காவின் மடியையே பார்த்தாள். துப்பட்டா நழுவியிருந்தது. "அக்கா, உங்க கை..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அக்கா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "போலாம் வா." திரையில் அந்தப் பெண் பள்ளத்துக்குள் விழுந்தாள். பஸ்ஸில் வரும்போது, "நல்லாத்தாண்டி செஞ்சிக்கிற" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் சென்டர் பக்கம் வரவே இல்லை. நானும் அந்த ஆட்டத்தில் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.

இப்போது நான் சென்னையில் ஓர் அலுவலகத்தில் புரோகிராம் எழுதுகிறேன். சென்டர் இருந்த மாடி, தெற்கேயிருந்து வேலைக்கு வரும் பையன்கள் தங்கும் லாட்ஜாகிவிட்டது. ஜன்னல்களில் அவர்களுடைய யூனிஃபார்ம்கள் காய்கின்றன. எங்கள் நிலம் இருந்த இடத்தில் புதுக் கார்கள் வரிசையாக வெயிலில் நிற்கின்றன. ஆட்டத்தைச் சேமித்து வைத்திருந்த பிளாப்பியில் பூஞ்சை பிடித்து, எந்த மிஷினும் அதைப் படிக்கவில்லை. ஒரு தீபாவளிச் சுத்தத்தில் அதுவும் குப்பையோடு போயிற்று. அக்கா கல்யாணமாகிப் படப்பையில் இருக்கிறாள்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மகள் என் மடியில் சாய்ந்துகொண்டு செல்போனில் ஏதோ ஆட்டத்தை வெகு வேகமாக ஆடிக்கொண்டிருந்தாள். நடுவில் நிமிர்ந்து, "அம்மா, நீ சின்ன வயசுல கேம் வெளாண்டுக்கிறியா?" என்றாள்.

இடது கையால் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அக்கா நிமிராமலே சொன்னாள்: "வெளாண்டுக்கிறேன். உங்க சித்தி எனக்குன்னே ஒண்ணு செஞ்சி குடுத்தா."

"நெஜமாவா? எங்க, காட்டு சித்தி" என்று செல்போனை என் கையில் திணித்தாள் குழந்தை.

அதை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.