என்னைக் கதிரையில் கட்டியபோது

குளியலறை ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டேன். பொரளையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் கண்டிப்பாகச் சொன்னாள்: "வோக்கரைப் பிடிச்சுக்கொண்டு ஒவ்வொரு நாளும் நடக்கவேணும் அன்ரி. படுத்தீங்களோ, பிறகு எழும்பமாட்டீங்கள்."

வெள்ளவத்தை ஃபிளாட்டில் நான் தனி ஆள். கணவர் போய்விட்டார், ஒரே மகள் ரொறன்ரோவில். அவள்தான் அங்கிருந்தபடியே ஒரு ஏஜென்சியைப் பிடித்து, வீட்டோடு நின்று என்னைப் பார்க்க ஒருத்தியை ஏற்பாடு செய்தாள். ஹற்றன் பக்கத்துப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். முகத்தில் சிரிப்பு இருந்தது, கையில் பெரியவர்களுக்கான பம்பர்ஸ் பக்கெற்றும் இருந்தது.

"எனக்கு அது தேவையில்லை பிள்ளை. பாத்ரூம் இந்தா கிடக்கு. என்னைப் பிடிச்சுக்கொண்டு வந்தால் போதும்" என்றேன்.

"நடக்க வேணாம்மா. விழுந்துட்டா பிரச்சினைன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க."

ஒப்பரேஷன் வலியில் முதலில் பேசாமல் இருந்துவிட்டேன். வாழ்நாள் முழுவதும் துறைமுக அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக வேலை பார்த்தவள், பம்பர்ஸ் ஈரத்தில் கிடந்து, மாற்றிவிட ஆள் வரும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால்கள் நாளுக்கு நாள் துணிபோலத் துவண்டன. பொறுக்கமுடியாமல் போன ஒரு நாள் நானே எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வாசல் வரை போய்விட்டேன். அவள் கண்டு அலறிவிட்டாள்.

அன்று பின்னேரம் இடியப்பம் அவிக்கப் போகுமுன் ஒரு பழைய பெட்ஷீட்டுடன் வந்தாள். என் வயிற்றைச் சுற்றி, கதிரைக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட்டாள். "சமைச்சு முடியிற வரைக்கும்தான்மா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே.

கை பின்னால் எட்டவில்லை. மடியில் போன் இருந்தது. மகளுக்கு வீடியோ கோல் எடுத்தேன். அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். போனைத் தாழ்த்தி அந்தக் கட்டைக் காட்டினேன்.

அவள் தோளில் மாட்டிய பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். "அம்மா, தேவையெண்டால் கட்டலாமோ எண்டு ஏஜென்சியில கேட்டவை. நான்தான் ஓமெண்டனான். நீங்கள் திரும்ப விழுந்தால் ஆர் பாக்கிறது? உங்கட சேஃப்டிக்குத்தானே..." என்றாள்.

இடுப்பு உடைந்தபோதுகூட அப்படி வலிக்கவில்லை. ஆனால் நான் அழவில்லை. "நாளைக்கு அந்த ஏஜென்சிக்காரரை இஞ்ச வரச்சொல்லு" என்று மட்டும் சொன்னேன். கட்டை அவிழ்க்கும்வரை குசினிப் பக்கம் பார்த்துக் கத்தினேன். ஹற்றன் பெண் ஓடி வந்து அவிழ்த்தாள்.

அடுத்த நாள் ஏஜென்சியின் மேற்பார்வையாளர் அம்மா வந்தார். மடிப்புக் கலையாத சேலை. என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மேசையில் இருந்த போனில் மகளோடு ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். பேஷன்ட் பிடிவாதமாம். பேஷன்ட் ஒத்துழைப்பதில்லையாம். நான் கையை நீட்டிப் போனைக் குப்புறக் கவிழ்த்தேன்.

"அந்தப் பேஷன்ட் நான்தான். என்னோட கதையுங்கோ."

"அன்ரி, நீங்க விழுந்தா எங்க பேர்தான் கெடும்."

"அப்ப இந்தக் கட்டு உங்கட பேருக்கு. எனக்கில்லை. சரி, இவவுக்கு ஒரு ஆளைப் பிடிச்சு எழுப்பி நடத்தப் பழக்கினனீங்களோ?"

அவர் ஹற்றன் பெண்ணைப் பார்த்தார். அவள் மெதுவாக, "இல்லம்மா. பெட்ஷீட் மாத்தவும் மருந்து குடுக்கவும்தான் சொல்லிக்குடுத்தாங்க" என்றாள்.

"பழக்கிப்போட்டு அனுப்புங்கோ. பாத்ரூமில கைபிடி நான் போடுவிக்கிறன். ஆனால் இந்த வீட்டில இனி ஒருத்தரும் என்னைக் கட்டேலாது."

அப்படியென்றால் பொறுப்பெடுக்க முடியாது என்று சொல்லி, அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது அவள் என் காலடியில் செருப்பைச் சரியாக வைத்துவிட்டுப் போனாள். அவள்மீது எனக்குக் கோபமில்லை.

மகள் போனில் பதறினாள். "இப்ப என்னம்மா செய்யப்போறீங்கள்?"

"இனி வாற ஆளை நான் கேள்வி கேட்டு எடுப்பன். நீ காசு அனுப்பு, முடிவு என்னிட்ட விடு."

கீழ்மாடியில் இருக்கும் முஸ்லிம் குடும்பத்து அம்மா அன்று முதல் எனக்குச் சாப்பாடு அனுப்பினார். தன் மாமியாரை முன்பு வைத்துப் பராமரித்த கொலன்னாவைப் பெண்ணையும் அவரே கூட்டிவந்தார். நான் கதிரையில் நிமிர்ந்திருந்து சிங்களத்தில் கேட்டேன், நான் விழப்போனால் என்ன செய்வாய் என்று. இழுத்துப் பிடிக்கமாட்டேன், உங்களோடு சேர்ந்து மெதுவாக நிலத்தில் இருத்துவேன் என்றாள். எழும்பிச் செய்து காட்டு என்றேன். காட்டினாள். வைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருமுறை ஹோலில் முழங்கால் மடங்கி உண்மையாகவே விழப்போனேன். சொன்னபடியே செய்தாள். முழங்கையில் ஒரு கண்டல், அவ்வளவுதான். அன்றே மகளுக்கு நானே சொன்னேன். அவள் அழுதாள்.

"நாளைக்கும் நடக்கத்தான் போறியளோ?"

"ஓம். நாளைக்கு லிஃப்டில இறங்கி கேற் வரைக்கும்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அந்தக் கட்டுக்கு நான் ஓமெண்டிருக்கக் கூடாதம்மா."

"கூடாதுதான்" என்றேன். அதை இலேசாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.